உலோகம் இல்லாத ஒரு குழல்

அத்தியாயம் 14

மூத்தவள் கதவைத் திறந்தபோது அப்பா செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிடுவாளா மாட்டாளா என்பது தெரியும்வரை கழற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டு வந்தவர் மாதிரி.

"போனைப் பாதியில வெச்சுட்டியேன்னு நேர்லயே வந்தேன்," என்றார்.

"பாதியில வைக்கல. பேசி முடிச்சுட்டுத்தான் வெச்சேன்."

போன வாரம் அவர் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சிறையில் இருக்கும் தம்பிக்கு ஒரு புல்லாங்குழல் வாங்க வேண்டும், கூட வா. முடியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் பரிசோதனைக்கூடத்துக்குப் போய் நாற்பத்தியொரு பேருக்கு ரத்தம் எடுத்தாள். ஒருவருக்கும் இரண்டாவது முறை குத்த வேண்டியிருக்கவில்லை. அவள் கை அப்படி. எது நடந்தாலும் நடுங்காது.

பதினோரு மாதத்துக்கு முன்னால், மழை கொட்டிய ஒரு மாலையில், ஒரு ஹோட்டலின் வாத்தியக் குழுவில் வாசித்து முடித்த தம்பி, குடித்திருந்த நிலையில் காரை எடுத்தான். பக்கத்தில் அவள் கணவர் இருந்தார். பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்ததால் வீட்டிலும் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கார் மோதியது. வாத்தியார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். தம்பி உடைந்த கையோடு பிழைத்தான். ஐந்து வருடத் தண்டனை.

அம்மா போய் ஆறு வருடமாகிறது. இருக்கிற இரண்டே பிள்ளைகளில் எந்தப் பிள்ளைக்காக அழுதாலும் இன்னொரு பிள்ளைக்குத் துரோகம் செய்ததாகிவிடும் என்ற நிலைமை அப்பாவுக்கு. அதனால் அவர் அழுவதையே விட்டுவிட்டார். லிப்ட் மெக்கானிக்காக முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த மனிதர். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சிறைக்குப் போவதுதான் அவருக்கு வேலை.

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். சிறை நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு. மரத்தாலான ஊதுகருவி ஒன்று. உலோகப் பாகம் எதுவும் இருக்கக் கூடாது. விலை பதினைந்தாயிரத்துக்கு மேற்படக் கூடாது. ரசீதுடன் ஒப்படைக்க வேண்டும்.

"எனக்கு இதுல என்ன தெரியும்?" என்றார். "நான் தனியாப் போனா ஏதாவது விளையாட்டுச் சாமானை வாங்கிட்டு வந்துடுவேன்."

"உங்க பையன்தானே. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குவார்."

தம்பி என்ற சொல்லை அவள் சொல்லிப் பதினோரு மாதமாகிறது.

"கடைசி மூணு தடவையா ஒரு வார்த்தை பேசலைம்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உக்கார்றான். என்ன கேட்டாலும் என் சட்டைப் பித்தானையே பார்த்துக்கிட்டு இருக்கான். கழுத்தெலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு நிக்குது. சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வருதாம்."

"குழல் வேணும்னு அவரே கேட்டாரா?"

"ஆமா. கேட்டான்."

"பேசவே மாட்டேங்கிறார்னு இப்பத்தானே சொன்னீங்க."

அப்பா பார்வையைக் கீழே இறக்கினார். "அங்க இருக்கற நலன் அதிகாரிதான் சொன்னார். முன்ன ஏதோ வாசிப்பாராமே, கையில அது இருந்தா ஒருவேளை மனுஷனாவார்னு. நான் பையன்கிட்ட கேட்டேன். தலையாட்டின மாதிரி இருந்துது."

அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. அவள் அவருடைய செருப்பைப் பார்த்தாள். வலது கால் வாரைக் கறுப்பு நூலால் அவரே தைத்திருந்தார், கோணல்மாணலாக.

"கழற்ற வேண்டாம்," என்றாள். "பையை எடுத்துட்டு வர்றேன்."

*

கடை ஒரு அச்சகத்துக்கு மேலே, மாடியில் இருந்தது. படியேறும்போது காலடியில் அச்சு இயந்திரம் அதிர்ந்தது. மேலே வந்தால் மரத்தூள் வாசனை. கடைசல் இயந்திரத்தின் முன்னால் இருந்து எழுந்துவந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியில் படிந்த தூளைத் துடைக்காமல் அதற்கு மேலாகப் பார்த்தார். அந்தத் தெருவில் அவரைக் குழல்காரம்மா என்றுதான் சொல்கிறார்கள்.

"யாருக்கு? புதுசாக் கத்துக்கறவங்களா?"

"இருபது வருஷமா வாசிக்கிற பையன்," என்றார் அப்பா.

"என்ன குழல் வாசிக்கிறார்?"

"வெள்ளிக் குழல். சாவி வெச்சது," என்று மூத்தவள் சொன்னாள். துளைகளை விரலால் மூடாமல், மேலே பொருத்தியிருக்கும் சிறு மூடிகளை அழுத்தி வாசிக்கிற வகை அது. அந்த மூடிகளைத்தான் சாவி என்பார்கள்.

"அது இருக்கும்போது இது எதுக்கு?"

"அது இப்ப இல்லை."

காரின் பின் இருக்கையில் இருந்த அந்த வெள்ளிக் குழல் முழங்கை மாதிரி மடங்கிப் போயிருந்தது. காவலர் ஒருவர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எண் ஒட்டியதை அவள் பார்த்திருந்தாள். அதையெல்லாம் இங்கே எதற்குச் சொல்ல வேண்டும்?

அப்பா சீட்டை நீட்டினார். குழல்காரம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு இருவர் முகத்தையும் பார்த்தார்.

"எந்த இடம்னு புரியுது," என்று மட்டும் சொன்னார். உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

அலமாரியிலிருந்து ஐந்து குழல்களை எடுத்துத் துணிமேல் வரிசையாக வைத்தார். எதிலும் சாவி இல்லை. வாய் வைத்து ஊத ஒரு துளை, விரலுக்கு ஆறு துளை.

"விலை இதுதான்னா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். இந்தப் பணத்துக்குப் பார்க்க நல்லா இருக்கறதும் கிடைக்கும், கேக்க நல்லா இருக்கறதும் கிடைக்கும். ரெண்டும் சேர்ந்து கிடைக்காது."

"கேக்க நல்லா இருந்தாப் போதும்," என்றாள் மூத்தவள்.

முதல் குழல் கருங்காலி. கையில் எடுத்ததுமே கனம் தெரிந்தது. தலைப் பகுதியை இழுத்துப் பார்த்தாள். உள்ளே பித்தளைக் குழாய் மின்னியது.

"சுதி ஏத்தி இறக்க அது," என்றார் குழல்காரம்மா. "விலையும் மேல போகும். உங்க சீட்டுப்படி உள்ள விட மாட்டாங்க. கூட வாசிக்கிறவங்களோட சேரணும்னாத்தான் அது தேவை. தனியா இருக்கறவர் யாரோட சுதி சேர்க்கப் போறார்?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது, தொழிற்சாலைச் சரக்கு. நல்ல சிவப்பு மெருகு. விலை ஆறாயிரம். அப்பாவின் கண் முதலிலிருந்தே அதன் மேல்தான்.

"இது பளபளன்னு இருக்கே. மிச்சப் பணத்துக்கு அவனுக்குக் கம்பளி ஒண்ணு வாங்கலாம்."

மூத்தவள் அதை எடுத்து உதட்டில் வைத்தாள். தம்பிக்கு முன்னால் குழல் கற்றுக்கொண்டது அவள்தான். அவள் பாடம் படிக்கும்போது மூலையில் உட்கார்ந்து கேட்டே அவன் கற்றுக்கொண்டான். பிறகு அவளைத் தாண்டிப் போனான். அவள் வீட்டோடு நிறுத்திக்கொண்டாள். வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்தும்போது கேட்பார், ஏதாவது வாசியேன், எல்லாரும் பாஸாயிடுவாங்க என்று. அவர் போன பிறகு அவள் எதையும் ஊதவில்லை.

முதல் மூச்சுக்கு வெறும் காற்றுதான் வந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். சுரம் கோணலாக வந்து, பிறகு நிமிர்ந்தது. கீழ் ஸ்தாயி சரியாகத்தான் இருந்தது. மேலே போனதும் ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது.

"மேல போனா தடுமாறுதுப்பா. இதை வெச்சுக்கிட்டு வாசிச்சா அவனுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்."

அவனுக்கு என்று சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அப்பா கவனித்தார்.

மூன்றாவது கறுப்பாக, வழவழவென்று, தொட்டால் ஜில்லென்று இருந்தது. "இது மரம் இல்லை. கெட்டிப் பிளாஸ்டிக்," என்றார் குழல்காரம்மா. "ஆனா உண்மையைச் சொன்னா அங்க இருக்கறவருக்கு இதுதான் உத்தமம். வெடிக்காது, வளையாது, எண்ணெய் கேக்காது. சத்தமும் சுத்தம்."

"அப்போ இதையே வாங்கிடலாமே," என்றார் அப்பா.

"மரம்னு எழுதியிருக்காங்க."

"கறுப்பாத்தானே இருக்கு. மரம்னு சொன்னா அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"வேண்டாம்ப்பா. இன்னொரு பொய் வேண்டாம்."

அவள் குரல் திடீரென்று இறுகியது ஏன் என்று அப்பாவுக்குப் புரியவில்லை.

மிச்சம் இரண்டு. ஒன்று வெளிர் மஞ்சள் மரம், பெரிய துளைகள். இன்னொன்று ஏதோ பழமரம், காய்ந்த புகையிலை நிறம், சின்னத் துளைகள். இரண்டும் குழல்காரம்மா கையால் கடைந்தவை. மூட்டில் தக்கைக்குப் பதில் நூல் சுற்றியிருந்தார். ஓர் ஆணிகூட இல்லை.

மஞ்சள் குழலை ஊதியதும் கீழே அச்சகத்தில் யாரோ நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அவ்வளவு பெரிய குரல். இரண்டு ஸ்தாயியும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. பழமரம் அதற்குப் பக்கத்தில் வெட்கப்படுகிற பிள்ளை மாதிரி இருந்தது. மூத்தவள் மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு, இதையே போட்டுடுங்க என்று வாயெடுத்தாள்.

"துளை பெரிசா இருக்கேம்மா," என்றார் அப்பா. "அவனுக்கு இடது கை மோதிர விரல் மடங்காதே."

"மடங்காதுன்னா?"

"உனக்குத் தெரியாதில்ல? எலும்பு கோணலாச் சேர்ந்துடுச்சு. குச்சி மாதிரி நீட்டிக்கிட்டே இருக்கும். மறுபடி உடைச்சுச் சேர்க்கணும்னாங்க. வேண்டாம்னுட்டான்."

அவள் கொஞ்ச நேரம் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கைப்பையைத் திறந்தாள். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டுகிற வெள்ளை நாடா எப்போதும் அதில் இருக்கும். கடைசல் மேஜையிலிருந்து மெல்லிய மரச் சீவல் ஒன்றை எடுத்து மோதிர விரலின் பின்பக்கம் வைத்து, அடியிலிருந்து நகம்வரை நாடாவை இறுக்கிச் சுற்றினாள். பல்லால் கடித்து அறுத்தாள். விரல் விறைத்து நின்றது.

"என்னம்மா பண்றே?" என்றார் அப்பா.

அவள் மஞ்சள் குழலை எடுத்தாள். முதல் துளை மூடியது. இரண்டாவதும் மூடியது. மூன்றாவதன் மேல் விறைத்த விரலை வைத்தாள். ஓரத்தில் காற்று கசிந்தது. அதற்குக் கீழே எந்தச் சுரமும் வரவில்லை. கையைத் திருப்பினாள், தோளை உயர்த்தினாள், குழலைச் சாய்த்தாள். மணிக்கட்டு வலித்தது. அவன் கை இப்படித்தான் இருக்கிறது. இந்தக் கையோடுதான் சாப்பிடுகிறான், சட்டை போடுகிறான். ஐந்து நிமிஷம் அவள் அந்த மூன்றாவது துளையோடு போராடினாள். கசிவு நிற்கவில்லை.

பழமரத்தை எடுத்தாள். அதில் மூன்றாவது துளை நேர்வரிசையில் இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தது. விரல் நுனியை விட்டுவிட்டு, நடுக்கணுவின் சதையை அதன் மேல் படுக்க வைத்தாள். மூடியது. ஆறும் மூடின. அடிச் சுரம் மெலிந்துதான் வந்தது. ஆனால் வந்தது.

"இதுதான்," என்றாள்.

நாடாவைப் பிரித்தபோது விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதை அவள் தேய்த்துவிட்டுக்கொள்ளவில்லை.

பதிமூன்றாயிரத்து ஐந்நூறு. ரசீது எழுதும்போது குழல்காரம்மா கேட்டார், "எண்ணெய் உள்ள விடுவாங்களா?"

"புட்டி எதுவும் விட மாட்டாங்க," என்றார் அப்பா.

"அப்போ நானே இப்ப ரெண்டு கை பூசித் தர்றேன். மூணு மாசம் தாங்கும். புது மரம், முதல்லயே போட்டு ஊதினா வெடிச்சுடும். எப்படி வெச்சுக்கணும்னு சொல்றேன், எழுதிக்குங்க. என் கை எண்ணெயா இருக்கு."

மூத்தவள் கடை அட்டையின் பின்பக்கம் எழுதினாள். முதல் வாரம் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வாசித்து முடித்ததும் உள்ளே ஈரம் போகத் துடை. வெயில் படுகிற இடத்தில் வைக்காதே. மூன்றாவது துளைக்கு விரல் நுனியை வைக்காதே, நடுக்கணுவை வை.

எழுதி முடித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. துடை, வை என்று அவனிடம் நேராகப் பேசுகிற மாதிரி எழுதியிருந்தாள். வேறு அட்டை கேட்கலாமா என்று யோசித்தாள். அதற்குள் அப்பா அதை வாங்கி ரசீதோடு மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

*

அன்று அப்பாவின் சந்திப்புச் சனிக்கிழமை. சிறைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. நான் இங்கேயே இருக்கேன், நீங்க கொடுத்துட்டு வாங்க என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரத்தில் அப்பா குழலோடு திரும்பி வந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"ஊதிக் காட்டணுமாம். உள்ள ஏதாவது அடைச்சு வெச்சிருக்கான்னு அப்படித்தான் பார்ப்பாங்களாம். நான் ஊதினா புஸ்ஸுனு காத்துதான் வருது. பின்னால வரிசையில நின்ன அம்மா சிரிச்சுட்டாங்க." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "உள்ள வர வேண்டாம். கவுன்டர்தான். அவன் அங்க இருக்க மாட்டான்."

கவுன்டரில் இருந்த அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைக் குழலின் மேல் இரண்டு முறை ஓட்டினார். சத்தம் வரவில்லை. ஒரு படிவத்தைத் தள்ளினார். அவள் உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினாள். அவர் அவள் பெயரைக் கணினியில் தட்டினார். தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், இந்த வழக்குல உங்க பேர் பாதிக்கப்பட்ட தரப்புன்னு இருக்கு. இறந்தவரோட மனைவின்னு."

"ஆமா."

"இங்க அக்கான்னு எழுதியிருக்கீங்க."

"அதுவும் நான்தான்."

அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இதைக் கேக்கணும்னு விதி. உங்களை யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?"

பதினோரு மாதத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை. வக்கீல்கள் கேட்கவில்லை, சொந்தக்காரர்கள் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா கைகட்டி நின்றார். அவள் ஆமாம் என்றால் போதும். குழல் திரும்பிப் போகும், அப்பாவும் இனிமேல் கேட்க மாட்டார்.

"இல்லை. கூப்பிட்டாங்க, வந்தேன்."

"எதுக்காகக் கொடுக்கறீங்கன்னு ஒரு வரி எழுதணும்."

அவள் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு எழுதினாள்: அவனுக்கு வாசிக்கத் தெரியும்.

"நான் மன்னிச்சுட்டேன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது," என்றாள்.

"அந்த மாதிரிக் கட்டம் எதுவும் இந்தப் படிவத்துல இல்லைங்க," என்றார் அவர், கொஞ்சம் சங்கடத்தோடு.

அவள் குழலை எடுத்து ஊதினாள். பாட்டு எதுவும் வாசிக்கவில்லை. கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு சுரமாக ஏறி, அதே மாதிரி இறங்கினாள். வரிசையில் பேச்சு நின்றது. எங்கோ உள்ளே இரும்புக் கதவு ஒன்று சாத்தப்பட்டது. அவ்வளவுதான். துணியால் உள்ளே துடைத்துக் கொடுத்தாள்.

அதிகாரி குழலையும் அட்டையையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கைதி சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பா கவுன்டருக்கு எதிரே இருந்த பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். லிப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் அசையாம இருங்க என்று சொல்வாராம் அந்தக் காலத்தில். இப்போது அவரே அப்படித்தான் இருந்தார்.

இருபது நிமிஷம் கழித்து அதிகாரி வந்தார். தட்டில் குழல் இருந்தது.

"வேண்டாம்னுட்டார்."

"பார்த்தானா?" என்றார் அப்பா. "கையில எடுத்துப் பார்த்தானா?"

"எடுத்தார். விரலெல்லாம் வெச்சுப் பார்த்தார். அப்புறம் திருப்பிக் கொடுத்துட்டார். காரணம்ங்கிற இடத்துல ஒண்ணும் எழுதலை." அவர் மூத்தவள் பக்கம் திரும்பினார். "ஆனா அந்த அட்டையை வெச்சுக்கலாமான்னு கேட்டார். அது உங்க கையெழுத்துங்கறதால நீங்க ஒப்புக்கணும்."

"கேட்டானா?" அப்பா எழுந்துவிட்டார். "வாயைத் திறந்து கேட்டானா?"

"ஆமாங்க ஐயா."

"குரல் எப்படி இருந்துது?"

"சாதாரணமாத்தான் இருந்துது," என்றார் அதிகாரி.

மூத்தவள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அவள் எழுத்து அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது.

*

பஸ் நிறுத்தத்தில் அப்பா குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிறைவாசலுக்கு மேலே இருந்த கடிகாரத்தில் நாலு அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

"அவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தே. விரலைக்கூடக் கட்டிப் பார்த்தே. எதுக்கு வேண்டாங்கிறான்? நான் என்ன குறை வெச்சேன் அவனுக்கு?"

"உங்க மேல கோபம் இல்லைப்பா."

"அப்போ உன் மேலயா? உன் மேல கோபப்பட அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவர் எனக்கு போன் பண்ணினார்ப்பா."

"யாரு? மாப்பிள்ளையா? கிளம்பறேன்னு சொல்லத்தானே. அது போலீஸுக்கே தெரியுமே."

"கிளம்பறேன்னு சொல்ல இல்லை. உன் தம்பி நல்லாக் குடிச்சிருக்கான், காரை இங்கேயே விட்டுட்டு டாக்ஸியில வரட்டுமான்னு கேட்டார்."

அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"நான்தான், இந்த மழையில டாக்ஸி எங்க கிடைக்கும், பத்து நிமிஷ வழிதானே, மெதுவா ஓட்டச் சொல்லுங்கன்னேன். சாப்பாடு ஆறுதுன்னேன்." அவள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள். "வேற ஒண்ணும் இல்லைப்பா. சாப்பாடு ஆறுதுன்னுதான்."

சாலையில் ஒரு லாரி போனது. அதன் புழுதி அடங்கிய பிறகுதான் அப்பா கேட்டார்.

"இது அவனுக்குத் தெரியுமா?"

"போன் ஸ்பீக்கர்ல இருந்துது. அவர் பதில் சொல்லல. சரிக்கான்னு சொன்னது அவன்தான்."

அப்பா குழலைப் பெஞ்சின் மேல் வைத்தார். மெதுவாக வைத்தார், உடைகிற பொருளை வைப்பது போல.

"வக்கீல் அவன்கிட்ட எத்தனை தடவை கேட்டார் தெரியுமா? நீ குடிச்சது கூட வந்தவருக்குத் தெரியுமா? உன்னை யாராவது ஓட்டச் சொன்னாங்களா? அப்படி ஏதாவது இருந்தா தண்டனை குறையும், யோசிச்சுச் சொல்லுப்பான்னு. யாருக்கும் தெரியாது, யாரும் சொல்லலைன்னே சாதிச்சான்."

"தெரியும். கோர்ட்டுல நான் மூணாவது வரிசையில உக்கார்ந்திருந்தேன்."

"உக்கார்ந்திருந்தே."

"ஆமா."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. பதினோரு மாதமாகத் தம்பியின் மேல் எறிந்த வெறுப்பில் பாதி யாருக்கு உரியது என்று அவளுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தால் அந்த 'சரிக்கா' காதில் விழும் என்ற பயத்தில்தான் இந்த மதிலுக்குள் அவள் வரவே இல்லை. அதையும் சொல்ல நினைத்தாள். ஆனால் அப்பாவின் முகத்தில் இப்போது கேட்பதற்கு இடமே இல்லை.

"அடுத்த மாசம் அப்பீல் வருது," என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அவள் குழலை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் அப்பா இல்லை.

அவர் சாலையின் நடுவில் இருந்தார். சட்டைப் பையிலிருந்து சந்திப்புச் சீட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு சிறைவாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சந்திப்பு நேரம் ஐந்து மணிவரை.

"அப்பா, அவன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அவர் காதில் அது விழுந்தது. நடை ஒரு கணம் தயங்கியது. ஆனால் திரும்பவில்லை. வாசல் காவலர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சின்னக் கதவைத் திறந்தார். அப்பா குனிந்து உள்ளே போனார்.

"ஏறுறீங்களா இல்லையாம்மா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"இல்லை. நீங்க போங்க," என்றாள் மூத்தவள்.